லஸ்கர் மாமாவின் வாய்க்கால்: ஒரு மனைப்பிரிவும் ஒரு வார்டு குழுவும்

2023 ஏப்ரல் 8, சனிக்கிழமை. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் ஐம்பதடி பிளாஸ்டிக் டியூபில் தண்ணீரை நிரப்பி, ஒரு முனையை வயலில் நட்டிருந்த மரமுளையில் நான் பிடித்துக்கொண்டேன். புதிதாக வரப்போகும் மனைப்பிரிவின் சாலை எவ்வளவு உயரத்துக்கு வரும் என்று அந்த முளையில் சிவப்பு பெயிண்டால் குறித்திருந்தார்கள். மறு முனையைப் பிடித்துக்கொண்டு லஸ்கர் மாமா எங்கள் பழைய தெருவின் கடைசி வீட்டுக்குப் போனார். டியூபில் தண்ணீர் ஆடி அடங்கியதும் அந்த வீட்டுச் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். கோடு திண்ணைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் விழுந்தது. தெருமட்டத்திலிருந்து இரண்டரை அடி.

வீட்டுக்கார அம்மா கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “தண்ணி இது வரைக்கும் வருமா மாமா?”

“தண்ணி வராதும்மா. ரோடு இது வரைக்கும் வரும். தண்ணி, அதுக்குக் கீழ எங்க நிக்கலாம்னு இடம் தேடும்.”

இந்தக் கோட்டுக்கு முன்னால் இரண்டு மாதம் மனு எழுதிக்கொண்டிருந்தோம். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சாக்பீஸ் கோட்டைப் பார்க்க மட்டும் மூன்று அதிகாரிகள் வந்தார்கள்.

எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. காவிரி டெல்டாவில் ஒரு நகராட்சி, அவ்வளவு போதும். இதில் வரும் யாரையும் மாட்டிவிடுவது என் நோக்கமில்லை. நான் அந்த வார்டு குழுவில் ஒரு பகுதியின் பிரதிநிதி. கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் என்பதால் குறிப்பேடு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. இந்தக் கட்டுரை அந்தக் குறிப்பேட்டிலிருந்து எழுதியது.

இடமும் கோப்பும்

நிலம் நாலரை ஏக்கர் நஞ்சை. சில ஆண்டுகளுக்கு முன் நகராட்சியோடு சேர்க்கப்பட்ட ஒரு கிராமத்தின் ஓரம். மேற்கே பி பிரிவு வாய்க்கால், அதாவது பெரிய வாய்க்காலிலிருந்து பிரியும் கிளை, ஒன்று போகிறது. அதற்குத் தனிப் புல எண் உண்டு, வாய்க்கால் புறம்போக்கு என்று கிராமத்தின் நிலக் கணக்கான அ-பதிவேட்டிலும் இருக்கிறது. கிழக்கே எங்கள் பழைய தெரு, வயலைவிடச் சற்றே பள்ளம். நிலத்தின் குறுக்கே, தென்மேற்கிலிருந்து வடகிழக்காக, ஐந்தடி அகலத்தில் ஒரு கன்னி வாய்க்கால். பாசனக் காலத்தில் நாலு பேர் வயலுக்கு அது தண்ணீர் கொண்டுபோகும். ஐப்பசி, கார்த்திகையில் அதுவே வடிகால். தெருவில் நிற்கும் மழைத்தண்ணீரும் அதன் வழியாகத்தான் வடக்கே உள்ள வடிகால் ஆற்றுக்குப் போய்ச் சேரும்.

சிக்கல் இந்தக் கன்னி வாய்க்காலில்தான். அது பட்டா நிலத்துக்குள் ஓடுகிறது. வயலுக்குச் சொந்தக்காரர்கள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து, தலைமுறை தலைமுறையாக வெட்டிப் பராமரித்து வந்த வழி. புல வரைபடத்தில் அதற்குக் கோடு கிடையாது. புறம்போக்குப் பட்டியலிலும் கிடையாது. மனைப்பிரிவுக்கு விண்ணப்பித்தவர் எதையும் மறைக்கவில்லை. கோப்பில் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று முறையாக இருந்தது. அந்தச் சான்று மேற்கே உள்ள பி வாய்க்காலைப் பற்றிப் பேசியது, ஏனென்றால் அந்தத் துறையின் கணக்கில் இருப்பது அது ஒன்றுதான். குறுக்கே ஓடும் ஐந்தடியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

வரைபடத்தில் அந்த இடத்தில் 14 முதல் 19 வரை மனை எண்கள் இருந்தன. நடுவே ஒரு சாலை. சாலைக்கு அடியில் “மழைநீர் செல்ல” ஓரடி விட்டத்தில் இரண்டு சிமெண்ட் குழாய்.

லஸ்கர் மாமாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பொதுப்பணித் துறையில் லஸ்கராக, அதாவது மதகு திறந்து மூடி, கரையைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்தத் தலைப்பு மதகைத் திறந்தால் எந்த வயலுக்கு எத்தனை மணி நேரத்தில் தண்ணீர் ஏறும் என்பது அவருக்கு அத்துப்படி. படித்த பொறியாளர்கள் அவரைக் கூப்பிட்டுக் கேட்ட காலம் உண்டு. இப்போது கேட்பாரில்லை என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. எங்களுக்கு அது வசதியாகப் போயிற்று.

குழுவுக்கு என்ன அதிகாரம்?

அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம், 1992-இல் நிறைவேறியது, நகர உள்ளாட்சிகளுக்கான 18 பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் அடுக்கியது. நகரமைப்பு, நில உபயோகம், சுற்றுச்சூழல் பாதுகாப்பு எல்லாம் அதில் உண்டு. ஆனால் வார்டு குழுவைக் கட்டாயமாக்கியது 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள ஊர்களுக்குத்தான். சின்ன ஊர்களுக்கும் சேர்த்து தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபா (வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசும் கூட்டம்) விதிகள் நடைமுறைக்கு வந்தது 2022-இல், நகர்ப்புறத் தேர்தல் முடிந்த பிறகு. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று, மாநிலம் முழுக்க முதல் பகுதி சபா நடந்தது. எங்கள் வார்டை நாலு பகுதியாகப் பிரித்தார்கள். கவுன்சிலர் தலைவர், பகுதிக்கு ஒரு பிரதிநிதி.

முதல் கூட்டத்தில் பேசியது தெருவிளக்கு, நாய், குப்பை வண்டி. அப்படித்தான் இருக்கும். சரியாகப் பத்து நாளில், நவம்பர் 11-ஆம் தேதிக் கணக்கில், சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை பதிவானது. எங்கள் பக்கம் அந்த அளவு இல்லை. இருந்தாலும் தெருவில் அரைநாள் தண்ணீர் நின்று வடிந்தது. ஜனவரி 26 கூட்டத்தில் ஒருவர் எழுந்து, “வயல்ல முளை அடிச்சிருக்காங்க, அடுத்த மழைக்கு நம்ம கதி என்ன?” என்று கேட்டதற்குக் காரணம் சீர்காழிதான்.

அனுமதியை நிறுத்தும் அதிகாரம் குழுவுக்கு இல்லை. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தருவது நகர் ஊரமைப்புத் துறையும் உள்ளூர் திட்டக் குழுமமும். நாங்கள் கருத்துச் சொல்லலாம். கேட்டாலும் கேட்பார்கள், கேட்காமலும் போவார்கள். இப்படிப் பேசும்போது யாராவது ஒருவர் உடனே உத்திரமேரூர் கல்வெட்டை எடுத்துவிடுவார், எங்கள் கூட்டத்திலும் எடுத்தார். அங்கே ஏரி வாரியம் ஏரியைத் தானே பராமரித்தது. எங்களிடம் இருந்தது ஒரு நாற்பது பக்க நோட்டு.

வீணாய்ப் போன இரண்டு மாதம்

பிப்ரவரியும் மார்ச்சும் எங்கள் தவறால் போயின. அதை ஒத்துக்கொள்வதில் வெட்கமில்லை. இதைப் படிக்கும் வேறு ஊர்க் குழுக்களுக்கு இந்தப் பகுதிதான் அதிகம் பயன்படும்.

“டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம், இங்கே மனை போட முடியாது” என்று முதல் மனுவை எழுதினோம். கையெழுத்து வேட்டையும் நடத்தினோம். 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தை யாரும் முழுசாகப் படித்திருக்கவில்லை. படித்தபோதுதான் தெரிந்தது: அது தடை செய்வது எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன் ஆகியவற்றுக்கான ஆய்வும் துளையிடுதலும் எடுப்பதும், துத்தநாகம், செம்பு, அலுமினிய உருக்காலைகள் போன்ற பட்டியலிட்ட தொழில்கள். வீட்டு மனை அந்தப் பட்டியலில் இல்லை. நஞ்சை நிலம் மனையாவதை அந்தச் சட்டம் தொடவே இல்லை.

அடுத்து சுற்றுச்சூழல் அனுமதி. “மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தினார்களா?” என்று கேட்டு ஒரு மனு. 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி கட்டுமானத் திட்டங்கள் அதற்குள் வருவது 20,000 சதுர மீட்டர் கட்டடப் பரப்பிலிருந்து. அப்படி வந்தாலும் அந்த வகைக்கு மக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு. வெறும் மனை பிரித்து விற்பவருக்கு இதெல்லாம் எதற்கு?

மூன்றாவது, ஈரநிலம். எங்கள் குழுவில் கல்லூரியில் படிக்கும் பெண் ஒருவர் இதைத் தேடி எடுத்து வந்தார். ஆனால் 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகள் நெல்வயலையும் பாசனத்துக்காகக் கட்டிய நீர்நிலையையும் ஈரநிலம் என்ற வரையறைக்கு வெளியே வைத்துவிட்டன. டெல்டாவில் அந்த இரண்டையும் கழித்தால் மிச்சம் என்ன இருக்கிறது என்று அந்தப் பெண் கேட்டார். பதில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

இதற்கு நடுவே இன்னொன்றும் தெரியவந்தது. குழுவில் ஒருவர் மனை வாங்கி விற்கும் தரகும் பார்ப்பவர். இதே மனைப்பிரிவுக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தார். அவரைக் கேவலப்படுத்தாமல், இந்தப் பொருள் வரும்போது மட்டும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அதைக் குறிப்பேட்டிலும் எழுதினேன். அவர் கோபித்துக்கொண்டு இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை. அப்புறம் வந்தார். வரைபடத்தின் தெளிவான நகல் எங்களுக்குக் கிடைத்ததே அவர் மூலம்தான், அதையும் சொல்ல வேண்டும்.

பிடி கிடைத்த இடம்

ஏப்ரல் முதல் வாரத்தில் டெல்டா முழுக்க நிலக்கரிப் பேச்சாக இருந்தது. வடசேரி, மைக்கேல்பட்டி, கிழக்கு சேத்தியாத்தோப்பு ஆகிய மூன்று நிலக்கரித் தொகுதிகளையும் ஒன்றிய அரசு ஏலப் பட்டியலில் சேர்த்திருந்தது. எல்லாக் கட்சியும் எதிர்த்தன. நாங்கள் டியூப் பிடித்த அதே ஏப்ரல் 8 அன்று மூன்றையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதாக அறிவிப்பு வந்தது. டீக்கடையில் பட்டாசு வெடிக்காத குறை. லஸ்கர் மாமா மட்டும் டியூபைச் சுருட்டிக்கொண்டே, “ஐந்தடி வாய்க்காலுக்கு யாரு கொடி பிடிப்பா?” என்றார்.

கொடி வேண்டியிருக்கவில்லை. கோப்பு நகராட்சியில் கடந்து போக வேண்டிய இரண்டு வாசல்கள் இருந்தன. ஒன்று, நில உபயோக மாற்றத்துக்காகக் கேட்டிருந்த நகர்மன்றத் தீர்மானம். அதில் எங்கள் கவுன்சிலர் பேச முடியும். இன்னொன்று தானப் பத்திரம். மனைப்பிரிவின் சாலைகளையும் பொது ஒதுக்கீட்டு இடத்தையும் நகராட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பூங்கா போன்ற பொதுப் பயன்பாட்டுக்கு விட்டாக வேண்டும், பணமாகக் கட்டித் தப்ப முடியாது. நாலரை ஏக்கரில் சாலை போக அது ஏறத்தாழ 35 சென்ட். வரைபடத்தில் அந்த 35 சென்டும் தென்கிழக்கு மூலையில், எதற்கும் உதவாத ஒரு கோணலில் இருந்தது.

அதைத் தூக்கிக் கன்னி வாய்க்கால் மேல் வைத்தால் என்ன? இந்த யோசனை அந்தக் கல்லூரிப் பெண்ணுடையது. பட்டா நிலத்தில் இருப்பதால் பதிவேடு கண்டுகொள்ளாத வாய்க்கால், பூங்கா இடத்துக்குள் வந்துவிட்டால் தானப் பத்திரத்தோடு நகராட்சிக்குச் சொந்தமாகிவிடும். பிறகு அதை மூட யாருக்கும் உரிமை இருக்காது. இரண்டு மாதம் சட்டப் புத்தகத்தில் தேடியது இந்த ஒரு வரியில் இருந்தது.

ஏப்ரல் 14 பகுதி சபாவில் மூன்று கோரிக்கைகளை எழுதினோம். பூங்கா இடத்தை வாய்க்கால் வழியே மாற்ற வேண்டும். சாலை குறுக்கிடும் இடத்தில் குழாய் வேண்டாம், மூன்றடிக்கு மூன்றடி பாக்ஸ் கல்வெர்ட், அதாவது சாலைக்கு அடியில் பெட்டி வடிவத் தண்ணீர் வழி, வேண்டும். சாலைமட்டத்தை ஓரடி குறைத்து, எங்கள் தெருப் பக்கம் ஒரு பக்கவாட்டு வடிகால் கட்ட வேண்டும். கூடவே புல வரைபட நகலில் லஸ்கர் மாமா சொல்லச் சொல்ல வாய்க்காலை நீல மையில் வரைந்து, சாக்பீஸ் கோட்டின் போட்டோவையும் இணைத்தோம்.

கல்வெர்ட் கணக்கு எளிது. ஓரடி விட்டக் குழாய் இரண்டின் வாய் சேர்த்து ஒன்றரைச் சதுர அடிதான். பாக்ஸின் வாய் ஒன்பது சதுர அடி. அதைவிட முக்கியம், டெல்டாவில் குழாயை அடைப்பது ஆகாயத்தாமரையும் கேரி பேக்கும். ஓரடிக் குழாய்க்குள் ஆள் இறங்க முடியாது. மூன்றடிப் பெட்டியில் குனிந்து போய் வாரிவிடலாம்.

மனைப்பிரிவுக்கு விண்ணப்பித்த புரோமோட்டர் நேரில் வந்தார். நாங்கள் சண்டைக்குத் தயாராக இருந்தோம், அவர் அப்படி வரவில்லை. வரைபடத்தைத் திண்ணையில் விரித்து வைத்துக்கொண்டு பேசினார். நிலத்தை விற்ற விவசாயிக்கு மகள் கல்யாணம், கடன். இவருக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

“அண்ணே, இத ஜனவரியிலயே சொல்லியிருந்தா ஒரு கோட்டை மாத்திப் போடச் சொல்லியிருப்பேன். இப்ப மறுபடி வரைபடம், மறுபடி கையெழுத்து. ரெண்டு மாசமா என்னை நிறுத்தணும்னுதானே எழுதுனீங்க? வாய்க்காலைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே.”

அவர் சொன்னது சரி. நாங்கள் முதல் மூன்று மனுவிலும் டெல்டாவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தோம்.

அவருடைய வரைவாளர் ஒரு நியாயமான தடையும் சொன்னார். பூங்கா இடம் ஒல்லிப் பட்டையாக வாய்க்கால் நீளத்துக்கு ஓடினால் ஏற்க மாட்டார்கள், பயன்படும் வடிவில் அகலமாக இருக்க வேண்டும். கடைசியில் பூங்காவை வடகிழக்கில், வாய்க்கால் நிலத்தைவிட்டு வெளியேறும் பக்கம் வைத்தார்கள். மேல்பகுதியில் வாய்க்காலைக் கொஞ்சம் திருப்பி, சாலை ஓரமாகத் திறந்த கால்வாயாகக் கொண்டுவந்து பூங்காவில் சேர்த்தார்கள். சாலையும் நகராட்சிக்கு வருவதுதான், ஆகவே முழு வழியும் பொதுவாயிற்று. திருப்பிய இடத்தில் சட்டென்று மடங்கக் கூடாது, சாய்வாகத் திரும்ப வேண்டும் என்று லஸ்கர் மாமா பிடிவாதம் பிடித்தார். அது மட்டும் வரைந்தபடி கட்டப்படவில்லை. இன்றும் அங்கே ஒரு முழங்கை மாதிரி திருப்பம் இருக்கிறது, குப்பை சேருவதும் அங்கேதான்.

மே மாத நகர்மன்றக் கூட்டத்தில் கவுன்சிலரக்கா எங்கள் குறிப்பை அப்படியே வாசித்தார். முதல் இரண்டு கோரிக்கையும் நிபந்தனையாகத் தீர்மானத்தில் ஏறின. மூன்றாவதற்கு “பரிசீலிக்கப்படும்” என்று எழுதினார்கள். அரசு அலுவலகம் பக்கம் போய் வந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியும்.

காய்ந்த ஆண்டு, நனைந்த ஜனவரி

ஜூன் 12 அன்று மேட்டூர் வழக்கம்போலத் திறந்தார்கள். ஆனால் அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை கர்நாடகத்தில் ஏமாற்றியது, காவிரியில் வர வேண்டிய தண்ணீர் வரவில்லை. கடைமடையில் குறுவை காய்ந்தது. புதிய பாக்ஸ் கல்வெர்ட் செப்டம்பர் முழுக்கப் புழுதி படிந்து கிடந்தது. மனை பார்க்க வந்தவர்கள் அதைக் காட்டி, “தண்ணியே வராத வாய்க்காலுக்கு இவ்வளவு செலவா?” என்று சிரித்தார்கள். தெருக்காரர்களில் சிலரும் சேர்ந்து சிரித்தார்கள், அதுதான் உறுத்தியது.

2024 ஜனவரி முதல் வாரம் முடிந்த கையோடு டெல்டா கடலோரத்தில் கனமழை. அறுவடைக்கு நின்ற சம்பா பல இடங்களில் சாய்ந்தது. எட்டாம் தேதி காலை குடையோடு கல்வெர்ட்டுக்குப் போனேன். லஸ்கர் மாமா எனக்கு முன்னாலேயே அங்கே உட்கார்ந்திருந்தார். பெட்டியின் முக்கால் உயரத்துக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பழுப்புத் தண்ணீர், வைக்கோலும் ஒற்றைச் செருப்பும் மிதந்து போயின. “ஓரடிக் குழாயா இருந்தா அந்தச் செருப்பே போதும்” என்றார்.

ஆனால் தெருவில் தண்ணீர் நின்றது. கணுக்காலுக்கு மேலே, முழங்காலுக்குக் கீழே, ஒன்றரை நாள். 2022-இல் அரைநாளில் வடிந்த தெரு. முன்பு தெருத் தண்ணீர் வயல் முழுக்கப் பரவி மெல்ல வாய்க்காலுக்கு இறங்கும். இப்போது வயல் இரண்டரை அடி மேலே எழும்பி நிற்கிறது. வாய்க்கால் ஒழுங்காக ஓடுகிறது, வாய்க்காலுக்குத் தண்ணீர் போக வழியில்லை. பரிசீலனையில் இருந்த மூன்றாவது கோரிக்கை அதற்காகக் கேட்டதுதான். சாக்பீஸ் கோடு போட்ட வீட்டில் தண்ணீர் திண்ணையைத் தொடவில்லை, வாசற்படியில் ஒரு படி மூழ்கியது. அந்த அம்மா என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

இதை வெற்றி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. தோல்வி என்றால் அந்தக் கல்வெர்ட்டுக்கு அநியாயம். பழைய வரைபடப்படி கட்டியிருந்தால் எத்தனை நாள் நின்றிருக்கும் என்று அளக்க வழியில்லை, ஆகவே அதைச் சொல்லி மார்தட்டவும் முடியாது. என் கணிப்பு இது: சாலைமட்டத்தைத்தான் முதல் கோரிக்கையாக வைத்திருக்க வேண்டும். பூங்கா யோசனை புத்திசாலித்தனமாக இருந்ததால் அதிலேயே மயங்கி, பேச்சுவார்த்தையில் எங்களிடம் இருந்த பலத்தையெல்லாம் அதற்கே செலவழித்துவிட்டோம். மண் அடிப்பதற்கு முன்னால் மட்டத்தைக் குறைக்கச் சொல்வது ஒரு கையெழுத்து வேலை. அடித்த பிறகு யாரால் அள்ள முடியும்? இப்போது மனை வாங்கியவர்கள் வீடு கட்டும்போது ஆளாளுக்குப் பக்கத்து மனையைவிட அரையடி கூட்டி மண் அடிக்கிறார்கள். அதற்கு எந்த நிபந்தனையும் இல்லை.

பக்கவாட்டு வடிகாலுக்கு மழைக்குப் பிறகு மதிப்பீடு போட்டார்கள். பாதித் தூரம் கட்டியிருக்கிறார்கள்.

நாற்பது பக்க நோட்டு

ஜனவரிக்குப் பிறகு செய்த ஒரு காரியம் எனக்குப் பிடித்தது. வார்டு எல்லைக்குள் பட்டா நிலத்தில் ஓடும், பதிவேட்டில் இல்லாத வாய்க்கால்களை எல்லாம் நடந்து பார்த்து எழுதினோம். லஸ்கர் மாமா முன்னால் நடப்பார், கல்லூரிப் பெண் போனில் இடக்குறிப்பு எடுப்பார், நான் எழுதுவேன். பதினொரு வாய்க்கால் தேறியது. ஒவ்வொன்றுக்கும் பேர் உண்டு: புளியடிக் கன்னி, செட்டிக் கன்னி, ஐயனார் கோயில் வடிகால். இரண்டு ஏற்கெனவே வீட்டுக்கு அடியில் போய்விட்டன, அவற்றையும் எழுதினோம். ஓரிடத்தில் எல்லைக்கல் ஒன்று குழாயடியில் துணி துவைக்கும் கல்லாகக் கிடந்தது. பட்டியலின் நகல் ஒன்றை நகராட்சியில் கொடுத்து முத்திரை வாங்கினோம். சட்டப்படி அதற்கு மதிப்பு இல்லை. ஆனால் மனை போட நினைக்கும் புரோமோட்டர்கள் இருவர், முளை அடிப்பதற்கு முன்னாலேயே என் வீட்டுக்கு வந்து அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். அதில் ஒருவர் பழைய ஆள்தான்.

இரண்டாமவர் கொண்டுவந்த வரைபடத்தில் செட்டிக் கன்னிக்கு எட்டடி விட்டிருந்தார். லஸ்கர் மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“வாய்க்கால் சரி தம்பி. மண்ணு எத்தனை அடி அடிப்பீங்க?”

அவர் யோசித்துவிட்டு, இன்னும் முடிவு செய்யவில்லை என்றார். வரும் சனிக்கிழமை டியூபோடு போகிறோம்.